வளவு மரங்களை மொத்த விலைக்குக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. யாழ்ப்பாணத்து மீசாலைப் பக்கம் அப்பாவின் 8 பரப்பு (அரை ஏக்கர்) வளவு பல வருடமாக ஆளில்லாமல் பற்றை பிடித்துக் கிடக்கிறது. வீடு கட்டுவதற்காக அதை வெளியாக்கப் போகிறீர்கள். நாலு வேம்பு, இரண்டு பலா, ஒரு பெரிய புளி, மூன்று மா, வேலியோரம் பூவரசுகள், கிணற்றடியில் ஒரு இலுப்பை, அப்பா கடைசிக் காலத்தில் வைத்த பத்துத் தேக்கு, அங்கங்கே பனை. வியாபாரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மரத்தையும் வெட்டி, வேரையும் கிளப்பி, காணியையும் வெளியாக்கித் தாறம்" என்று மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அது நியாயமா, ஒரு வேப்ப மரம் என்ன விலை போகும் என்று கேட்கிறீர்கள். நீங்கள் கனடாவில், ஊரில் நின்று பார்க்க இருப்பவர் சித்தப்பா மட்டும்.

நான் கொடிகாமத்தில் அப்பாவின் மரக்காலைக்குள், அதாவது மரம் அரிந்து விற்கும் இடத்துக்குள், வளர்ந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் குற்றி (அரியாத மரத்துண்டு) வாங்கி, அரிந்து, பலகையாக விற்றிருக்கிறேன். அதனால் அந்த வியாபாரியின் பக்கக் கணக்கும் எனக்குத் தெரியும். அவர் சொன்ன தொகை கூடவா குறைவா என்று உங்களால் சொல்ல முடியாததற்குக் காரணம், எத்தனை கன அடி மரம் நிற்கிறது என்று உங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு ஓரளவு தெரியும். பேரத்தில் அவருக்கு இருக்கும் பலம் அதுதான். சித்தப்பா ஒரு பகல் அளவு நாடாவோடு வளவுக்குள் போய் வந்தால் அந்தப் பலம் பாதியாகிவிடும். இன்னொன்று இதைவிட முக்கியம். நீங்கள் வீடு கட்டப் போகிறவர். இன்றைக்கு மரத்தைக் குற்றி விலைக்கு விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து நிலைக்கும் கதவுக்கும் யன்னலுக்கும் அதே சாதி மரத்தைப் பலகை விலைக்கு வாங்கப் போகிறீர்கள். இடையில் இருக்கும் வித்தியாசம் முழுதும் உங்கள் கையை விட்டுப் போகிறது. அதனால் எதை விற்பது என்று யோசிக்கும் முன் எதை வைத்துக்கொள்வது என்று பாருங்கள்.

அளவு எடுப்பதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் குற்றி கன அடிக் கணக்கில்தான் போகும். குற்றியின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் பிரித்து, வந்ததை அதாலேயே பெருக்கி, 144-ஆல் பிரித்து, அடி நீளத்தால் பெருக்குவார்கள். 1736-இல் எட்வேட் ஹொப்பஸ் என்ற ஆங்கிலேய அளவையாளர் அச்சிட்ட கணக்கு இது, வெள்ளைக்காரன் விட்டுப் போன பழக்கம். 10 அடி நீளம், நடுவில் 60 அங்குலச் சுற்றுள்ள ஒரு வேப்பங்குற்றியை எடுங்கள். நாலில் ஒன்று 15. பதினைந்து தரம் பதினைந்து 225. 144-ஆல் பிரித்தால் 1.56, பத்து அடிக்கு 15.6. ஆனால் அதே குற்றியை உருளையாக வைத்துச் சரியாகக் கணித்தால் 19.9 கன அடி வரும். ஹொப்பஸ் கணக்கில் எப்போதும் உண்மை அளவின் 78 வீதம் அளவுதான் தெரியும். அரியும்போது கழிந்து போகும் புறப்பலகையை நினைத்து வைத்த முறை அது, அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்கெனவே கழிவு போட்ட கணக்கு என்பதைச் சித்தப்பா தெரிந்து வைத்திருக்க வேண்டும். "கழிவு" என்று இன்னொரு முறை யாராவது குறைக்க வந்தால் அப்போது வாய் திறக்கலாம்.

குறைப்பு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று பட்டை. அரை அங்குலப் பட்டை என்றால் சுற்றளவில் மூன்று அங்குலம் போகும், அந்தக் குற்றி 15.6-இலிருந்து 14-க்கு இறங்கும். பட்டை மரம் இல்லை, ஆகவே இது நியாயமான குறைப்பு, விட்டுக்கொடுங்கள். இரண்டாவது, நடுவில் பிடிக்க வேண்டிய நாடாவை மெல்லிய நுனியில் பிடிப்பது. மூன்றாவது, 10 அடிக் குற்றியை "முனை வெடிச்சிருக்கு" என்று 9 அடியாக எழுதுவது. நுனியில் 54 அங்குலம் என்று வைத்து, பட்டையும் கழித்து, ஒரு அடி நீளமும் விட்டால் மிஞ்சுவது 10 கன அடியும் சொச்சமும். 14 கிடைக்க வேண்டிய இடத்தில் 10. ஒரு குற்றியிலேயே கால் பங்குக்கு மேல் போய்விட்டது, இதில் விலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பலர் ஒரு கன அடிக்கு நூறு ரூபாய் கூட்டிக் கேட்டு வாதாடுவார்கள், நாடா எங்கே பிடிபடுகிறது என்று பார்க்கமாட்டார்கள். நாடாவில்தான் காசு இருக்கிறது.

சுற்றளவின் பலனையும் இதிலேயே காணலாம். சுற்றளவு இரட்டித்தால் கன அடி நாலு மடங்கு. 36 அங்குலத் தேக்கு ஒன்றில் 12 அடிக்கு 6.75 கன அடிதான் வரும், 72 அங்குலம் என்றால் 27. அதோடு, பெரிய குற்றிக்குக் கன அடி விலையும் கூடும், ஏனென்றால் அகலப் பலகை வரும், வைரம் (முதிர்ந்த உள்மரம்) கூடுதலாக இருக்கும். அரசாங்கத்தின் மரக் கூட்டுத்தாபனமும் குற்றியை மரத்தின் சாதியோடு சுற்றளவையும் பார்த்துத்தான் தரம் பிரித்து விலை வைக்கிறது. ஆகவே, அப்பா வைத்த தேக்கைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பெரிய எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளச் சொல்வேன். அவ்வளவு இளம் தேக்கில் பாதிக்கு மேல் வைரம் பாயாத வெள்ளைதான் இருக்கும். வெள்ளையில் கறையானும் உளுப்பூச்சியும் ஏறும். வீட்டு அத்திவாரத்துக்குள் வராத தேக்கை நிற்க விடுங்கள். அது நிற்கிற ஒவ்வொரு வருடமும் சேமிப்பு.

விலைத் தொகையை ரூபாயில் எழுதச் சொன்னால் எழுதமாட்டேன். 2022-க்குப் பிறகு மர விலை எப்படி ஏறி இறங்கியது என்பதை மரக்காலைக்குள் நின்று பார்த்தவன் நான், இன்று எழுதுவது அடுத்த மாதம் உங்களைப் பிழையாக வழிநடத்தும். பின்னாலிருந்து எண்ணும் முறையைத் தருகிறேன். சாவகச்சேரியில் ஒரு மரக்காலையிலும் யாழ்ப்பாணம் நகருக்குள் இன்னொன்றிலும் வாங்க வந்தவர் போலச் சித்தப்பா கேட்கட்டும்: நிலை அடிக்கத் தகுந்த வேப்பம் மரம் அரிந்தது கன அடி என்ன விலை? கணக்குக்கு இலேசாக 100 ரூபாய் என்று வைப்போம். மேலே சொன்ன குற்றியிலிருந்து, பட்டை நீக்கிய உண்மை அளவில் பாதி, அதாவது 9 கன அடிவரை நல்ல அரிந்த மரம் எடுக்கலாம். அது 900. அதற்குள் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லொறி, அரிவுகூலி, வெடித்துப் போகும் மரம், வியாபாரியின் லாபம் எல்லாம் இருக்கின்றன. நிற்கிற மரத்துக்கு இதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை காணிக்காரருக்கு வந்தால் நான் நியாயம் என்பேன். வெட்டி வாசலில் போட்ட குற்றி என்றால் அதைவிடக் கூடக் கேட்கலாம். இது என் தொழில் அனுபவத்தில் வந்த அளவுகோல், சட்டத்தில் இருப்பது இல்லை. ஆனால் இதில் பாதிகூட வராத மொத்தத் தொகை என்றால் யோசிக்காமல் மறுத்துவிடுங்கள்.

இனி மரம் மரமாக. வேம்பும் பலாவும்தான் உங்கள் வளவின் பெறுமதி. வேம்பின் வைரத்தில் பூச்சி இலேசில் ஏறாது, எங்கள் ஊர் வீடுகளின் நிலைகளில் எத்தனையோ வேம்பு. பலா கதவுக்கும் தளபாடத்துக்கும் போகும். தவில் கட்டை கடைவதும் பலாவில்தான், அதனால் மீசாலை, சாவகச்சேரி அடங்கிய எங்கள் தென்மராட்சியின் நல்ல முதிர்ந்த பலாவுக்கு மரக்காலைக்கு வெளியிலும் ஆள் தேடி வருவதுண்டு. கிளை பிரியும் இடம்வரை எத்தனை அடி நேராக இருக்கிறது என்று பாருங்கள். வளவு வேம்பில் பெரும்பாலும் ஆறேழு அடியில் கிளை பிரிந்துவிடும், தோட்டத்துக்குக் குழை வெட்டிய காலத்துக் காயங்களும் இருக்கும். அந்தக் காயத்தால் தண்ணீர் இறங்கி உள்ளே கோறை (பொந்து) விழுந்திருக்கலாம். கோடரியின் பின்பக்கத்தால் இடுப்பு உயரத்திலிருந்து மேலே மேலே தட்டிப் போகச் சொல்லுங்கள். நல்ல மரம் கனத்துச் சத்தம் கொடுக்கும், கோறை மரம் வெறும் பெட்டியைத் தட்டியதுபோல ஒலிக்கும்.

பூவரசின் வைரம் கறுத்து அழகாக இருக்கும், ஆனால் வேலியில் நிற்கும் பூவரசு பெரும்பாலும் வளைந்தும் கம்பி விழுங்கியும் இருக்கும். தடித்து நேரான துண்டு இரண்டு கிடைத்தாலே நல்லது. மாவைக் குற்றியாக எண்ண வேண்டாம், வெட்டிய சில வாரத்தில் உளுத்துப் போகத் தொடங்கும். கொங்கிறீற் வேலைக்குத் தட்டுப் பலகையாக உங்கள் வீட்டு மேசனுக்கே உதவும். புளியில் வைரம் நடுவில் கொஞ்சம்தான், அரிவதும் கஷ்டம். இறைச்சிக் கடைக் குற்றிக்கும் விறகுக்கும் போகும், அவ்வளவுதான். நிழலும் பழமும் தரும் மரத்தை அந்தக் காசுக்குத் தறிக்காதீர்கள். பனைக்குக் கன அடிக் கணக்கு செல்லாது. வெளிவட்டம்தான் வைரம், நடு முழுதும் சோறு. முதிர்ந்த பனையின் அடிப்பக்கத்தில் எத்தனை அடிக்கு வைரம் பாய்ந்திருக்கிறது என்பதை வைத்து மரத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். கிணற்றடி இலுப்பை மட்டும் ஒரு வேண்டுகோளாகச் சொல்கிறேன்: அதை விடுங்கள். அந்தப் பருமனுக்கு வர ஒரு மனித ஆயுள் போகும். எங்கள் பகுதியில் இலுப்பை குறைந்துகொண்டே வருவதைக் கண்ணால் பார்த்தவன் நான். விலை நல்லாக இருந்தாலும் அந்தக் காசு உங்கள் வீட்டுக் கூரையில் ஒரு மூலைக்குக்கூடப் போதாது.

எழுத்தில் இருந்து என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை நேரில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது, தென்மராட்சி மரம் என்றால் இன்னும் கஷ்டம். 2000-ஆம் ஆண்டுச் சண்டை நடந்த மண் அது. ஒருமுறை அந்தப் பக்கத்து வேப்பங்குற்றி ஒன்று எங்கள் பட்டி வாளில் ஏறியது. நாலடி சுத்தமாக ஓடியது. அப்புறம் ஒரு கிரீச், வாளின் பற்கள் ஏழெட்டு ஒரே நேரத்தில் போய்விட்டன. நிறுத்திப் பிளந்து பார்த்தால் சின்னிவிரல் அளவு செல் (எறிகணை) சிதறல், அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மரம் நீலக் கறுப்பாய் ஓடியிருந்தது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறை அது. அதற்குப் பிறகு வெட்டு முகத்தில் அந்த நிறம் தெரிகிற குற்றியை அப்பா தொடவே மாட்டார். ஆகவே வியாபாரி "இரும்பு இருக்கும்" என்று விலை குறைத்தால் அதை வெறும் தந்திரம் என்று நினைக்காதீர்கள், அந்தப் பயம் உண்மையானது. ஆனால் எல்லா மரத்துக்கும் சேர்த்துக் குறைக்க விடாதீர்கள். வெட்டிய பின் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, கறை உள்ள குற்றிக்கு மட்டும் குறைக்கலாம். வேலியோர மரங்களில் முள்ளுக்கம்பியும் ஆணியும் ஐந்து அடி உயரத்துக்குள்தான் பெரும்பாலும் இருக்கும், அந்தத் துண்டைத் தனியாக அறுத்துவிட்டால் மேல்மரம் தப்பும். இதே காரணத்துக்காக, காணியில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறங்கும் முன், அந்தப் பகுதி வெடிபொருள் அகற்றி முடிந்த இடம்தானா என்று கிராம சேவையாளரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பற்றைக்குள் சந்தேகமான எதைக் கண்டாலும் தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

அனுமதி விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் உணவு தரும் மரங்கள் என்பதால், 1951-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி சொந்தக் காணியிலும் அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது. உறுதியின் பிரதியோடு கிராம சேவையாளரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். குற்றியைத் தெருவில் கொண்டு போவதற்கான அனுமதி எந்தெந்த மரத்துக்கு வேண்டும் என்பதையும் அதே வரவிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்று வியாபாரி சொன்னால், அந்தப் பொறுப்பு விலையில் கழிந்திருக்கிறது என்று அர்த்தம். வழியில் லொறி பிடிபட்டால் கேள்வி காணிக்காரரிடமும் வரும். அனுமதி கையில் உள்ள குற்றிக்கு ஆட்கள் போட்டி போட்டு வருவார்கள், பத்திரம் இல்லாத குற்றியை ஒருவர்தான் வாங்குவார், அவர் சொன்னதே விலை. காணி அப்பாவின் பெயரிலேயே இருந்து, உங்கள் சகோதரங்களுக்கும் பங்கு உண்டு என்றால், எல்லோருடைய எழுத்துச் சம்மதமும் சித்தப்பாவுக்கு அற்றோணித் தத்துவமும் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) வேண்டும். ஒரு வேம்புக்காக உடன்பிறப்புகள் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

பெக்கோவால் மரத்தைத் தள்ளி விழுத்துவது காணிக்குச் சுகம், மரத்துக்குக் கேடு. அடிமரம் பிளந்துவிடும், அதுதான் மிகவும் பெறுமதியான துண்டு. முதலில் கிளை கழித்து, கயிறு கட்டி, வாளால் சாய்க்க வேண்டும். வேர் கிளப்ப மட்டும் பெக்கோ வரட்டும். மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்பவற்றுக்கு மின்சாரக் கந்தோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாரி தொடங்கும் முன், புரட்டாதிக்குள் வெட்டி முடியுங்கள். கார்த்திகை மழையில் லொறி வளவுக்குள் இறங்காது, குற்றி சேற்றில் கிடந்து கெடும், அப்போது அவசரத்தில் கேட்ட விலைக்குக் கொடுப்பீர்கள். துண்டு போடும் நீளத்தையும் நீங்களே சொல்லுங்கள். வாசல் நிலைக்கு 7 அடிக்கு மேல் வேண்டும், ஆகவே 7½ அல்லது 8 அடி. லொறிக்குத் தோதாக ஆட்கள் ஆறரை அடியில் அறுத்துவிட்டால் ஒரு நல்ல வேம்பு யன்னல் சட்டத்துக்குத்தான் உதவும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. வீட்டு இடத்துக்குள் வரும் வேம்புகளையும், அனுமதி கிடைத்தால் பலாவையும் கூலிக்கு வெட்டுவித்து, மரக்காலையில் கூலிக்கு அரிவித்து, என் வீட்டுக்கே வைத்துக்கொள்வேன். தச்சு வேலைக்காரரை முதலே கூட்டிப்போய், என்ன அளவில் எத்தனை வேண்டும் என்று எழுதி வாங்கிய பின்தான் அரிவு. அரிந்ததை நிலத்தில் படாமல் கல்லின் மேல் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரே தடிப்புச் சிலாகை வைத்து, முனைகளுக்குப் பெயின்ற் பூசி, மேலே தகரம் போட்டு, நாலு பக்கமும் காற்றுப் போக விடுங்கள். அத்திவாரமும் சுவரும் எழும்பும் மாதங்களில் அது காய்ந்துகொண்டிருக்கும். ஈர மரத்தில் அடித்த கதவு முதல் சித்திரை வெயிலிலேயே வளையும். மிச்சக் குற்றிகளை மட்டும் அளந்து, கன அடி விலை பேசி, இரண்டு வியாபாரியிடமாவது கேட்டு விற்கலாம். விறகு தனிக் கணக்கு, அந்தர் என்ற நிறைக் கணக்கில் அல்லது உழவு இயந்திரப் பெட்டி அளவில், செங்கல் சூளையோ பேக்கரியோ எடுக்கும். லொறி படலை தாண்டும் முன் காசு கைக்கு வர வேண்டும், குழி மூடுவது யார், உடைந்த மதில் யார் கணக்கு என்பதும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும்.

அந்த வியாபாரியைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. மா, பூவரசு, பற்றை, வேர் எல்லாவற்றையும் அவரே எடுத்துக் காணியை வெளியாக்கட்டும், வேம்பு, பலா உட்பட மற்ற மரங்கள் பேச்சில் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். அவர் சொல்லும் புதுத் தொகை பழையதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதிலேயே நீங்கள் வைத்துக்கொள்ளும் மரங்களுக்கு அவர் மனதில் வைத்திருந்த விலை வெளியே வந்துவிடும். சித்தப்பா வேம்பு, பலா ஆறையும் நெஞ்சு உயரச் சுற்றளவு, கிளை பிரியும் உயரம், தட்டிய சத்தம் என்று குறித்து, படமும் எடுத்து அனுப்பினால், அதை இங்கே போடுங்கள். எத்தனை கன அடி, எத்தனை நிலை வரும் என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.